ஸ்டார்ட் ஆகுது, ஆனா நிக்க மாட்டேங்குது

தமிழ்ல ஒரு சிக்கல் இருக்கு பாருங்க. காரு ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆனா "நின்னு போச்சு"ங்கறோம், அதே காரு ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம தானா ஓடுற ஐட்லிங்ல ஒழுங்கா ஓடலைன்னா "நிக்க மாட்டேங்குது"ங்கறோம், கேட்டா ரெண்டும் ஒரே கம்ப்ளெயின்ட்தான். நான் பாட்டுக்கு எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டு "அண்ணே, வண்டி நிக்கவே மாட்டேங்குதுண்ணே"ன்னு சொல்ல, அவரு பதறிப்போய் "பிரேக் பிடிக்கலையா? எங்க இருக்க? ஹேண்ட் பிரேக்க மெதுவா இழு"ங்கறாரு. இல்லண்ணே, வண்டி வாசல்ல சும்மாதான் நிக்குதுன்னேன். "அப்புறம் என்னடா நிக்க மாட்டேங்குதுங்கற"ன்னு ஒரு திட்டு. அன்னைக்கு ஆரம்பிச்ச கூத்து முடிய நாலு நாள் ஆச்சு.

விஷயம் இதுதான். சாவி திருப்பினா செல்ஃப் ஒரே தட்டுல எடுக்குது, பேட்டரி புதுசு, முந்தின நாள்தான் மாத்தினேன், அதனால அந்தப் பக்கம் சந்தேகமே இல்லை. இன்ஜின் உயிர் வந்து ஆர்பிஎம் முள்ளு 1200 வரைக்கும் போகுது, ஒரு ரெண்டு மூணு செகண்ட் அப்படியே இருக்கு, அப்புறம் முள்ளு மெல்ல சரிஞ்சு 800, 600, 500ன்னு இறங்கி, வண்டியே ஒரு குலுக்கு குலுக்கி, ஆஃப். மறுபடி சாவி போட்டா மறுபடி அதே டிராமா. ஆக்சிலரேட்டரை லேசா மிதிச்சுக்கிட்டே இருந்தா மட்டும் ஓடுது, கால எடுத்தா செத்துடுது.

இதை அப்படியே உக்காந்து யோசிச்சிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும். நான் என்ன பண்ணேன்னா நேரா போய் நாலு பிளக்கையும் மாத்தினேன். ஏன் மாத்தினேன்னு கேட்டா பதில் கிடையாது, கழட்டத் தெரிஞ்சது பிளக் ஒண்ணுதான், அதனால மாத்தினேன். பழைய பிளக்கெல்லாம் பழுப்பு கலர்ல அருமையா இருந்துச்சு, அதாவது எரியுறது சரியாத்தான் எரிஞ்சிட்டிருக்குன்னு அதுங்களே சொல்லுச்சுங்க. கருப்பா கரி பிடிச்சு ஈரமா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்துப் போய் இருந்தா காத்து ஜாஸ்தின்னு ஒரு கணக்கு உண்டு. என் பிளக்குங்க ரெண்டும் இல்லை. பார்த்துட்டும் புதுசையே போட்டேன். அப்புறம் சாவி போட்டேன், 1200, 800, 600, 500, குலுக்கல், ஆஃப்.

அண்ணன்கிட்ட மறுபடி போன் பண்ணப்போ அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எப்படி சாகுதுன்னு சொல்லு, டப்புன்னு லைட்ட அணைச்ச மாதிரியா, இல்ல மூச்சு திணறியா?" இந்தக் கேள்விக்கு அவ்வளவு அர்த்தம் இருக்குன்னு எனக்கு அப்பத் தெரியாது, எனக்கென்னமோ ஆஃப் ஆனா ஆஃப்தானேன்னு தோணுச்சு.

அவரு சொன்னதை என் வார்த்தையில சொல்றேன். ஒரு இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சுன்னாலே காத்து, பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரெஷன் நாலும் ஒரு செகண்டாவது ஒழுங்கா இருந்திருக்குன்னு அர்த்தம். அதனால "ஸ்டார்ட்டே ஆகல"ங்கற கேசுக்கும் இதுக்கும் சம்பந்தம் கம்மி. இங்க கேக்க வேண்டியது, செல்ஃப் சுத்தும்போது இருந்துட்டு சாவிய விட்டதுக்கு அப்புறம் இல்லாமப் போறது எது? அது நாம நினைக்கிறதை விட நிறைய இருக்கு. ஸ்டார்ட் பண்ணும்போது ஈசியூ, அதாவது இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர், பெட்ரோலை வழக்கத்த விட தாராளமா அடிக்கும், காத்து உள்ள போற வழியில இருக்கற த்ராட்டில் தட்டை கொஞ்சம் கூடுதலா திறந்து வைக்கும். பம்பு ஏற்கனவே ரெண்டு செகண்ட் ஓடி லைன்ல பிரஷர் ஏத்தி வெச்சிருக்கும், சாவிய ஆன் பொசிஷன்ல வெச்சதும் பின் சீட்டுக்கு அடியில இருந்து ஒரு "ம்ம்ம்ம்"னு முனகல் வரும் பாருங்க, அதுதான். இன்ஜின் பிடிச்சதும் இந்த சலுகை எல்லாம் ஒண்ணொண்ணா வாபஸ் ஆகும். அப்போ எது பலவீனமோ அது காட்டிக் குடுக்கும்.

அதனால எத்தனை செகண்ட்ல சாகுதுங்கறது முக்கியம். ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட், ஒவ்வொரு தடவையும் வாட்ச் வெச்ச மாதிரி அதே நேரத்துல ஆஃப் ஆனா முதல்ல இம்மொபிலைசர். சாவிக்குள்ள ஒரு குட்டி சிப் இருக்கும், அதை வண்டி படிக்க முடியலைன்னா, பல மாடல்ல ஸ்டார்ட் ஆக விட்டு உடனே பெட்ரோலை கட் பண்ணிடும். மீட்டர்ல சாவி படமோ பூட்டு படமோ போட்ட லைட் மினுக்கினா சந்தேகமே வேண்டாம். ஸ்பேர் சாவிய எடுத்து போட்டுப் பாருங்க, சாவிக் கொத்துல வேற ஏதாவது சிப் சாவி தொங்கினா அதையும் கழட்டிட்டுப் பாருங்க, இதுக்கு ஸ்பேனர் கூட தேவையில்லை. நானும் பார்த்தேன். லைட் ஒழுங்கா அணைஞ்சது, அதோட என் வண்டி சாகுறது நாலாவது செகண்ட், சில சமயம் ஆறாவது, அதனால இது இல்லை.

சாவிய ஸ்டார்ட்ல வெச்சிருக்கற வரைக்கும் ஓடி, கைய விட்ட அந்த நொடியே ஆஃப் ஆனா கதை வேற. அது இக்னிஷன் ஸ்விட்சுக்குள்ள ரன் பொசிஷன் கான்டாக்ட் தேஞ்சு போனது. ரொம்ப பழைய பாயின்ட் செட் வண்டிங்கள்ல இதுக்கு இன்னொரு அழகான காரணம் உண்டு, பேலஸ்ட் ரெசிஸ்டர். அந்த வண்டிங்கள்ல காயில் 12 வோல்ட்டுக்கும் கம்மியான வோல்ட்ல ஓடுற மாதிரி இருக்கும், ஓடும்போது ரெசிஸ்டர் வழியா கரண்ட் வரும், செல்ஃப் சுத்தும்போது மட்டும் ரெசிஸ்டரை தாண்டி நேரா முழு பேட்டரி வோல்ட்டும் காயிலுக்குப் போகும். ரெசிஸ்டர் அறுந்துடுச்சுன்னா செல்ஃப் சுத்தும்போது ஜோரா பிடிக்கும், சாவிய விட்டா ஸ்பார்க்கே கிடையாது. புரியாதவன் கார்புரேட்டரை பத்து தடவை கழட்டி மாட்டுவான்.

இப்போ அந்த டப்பு, திணறல் மேட்டருக்கு வரேன். டப்புன்னு எந்த முன்னறிவிப்பும் இல்லாம சாகுதுன்னா பெரும்பாலும் கரண்ட் பக்கம். ஏன்னா ஸ்பார்க் பெரும்பாலும் இருக்கும் இல்ல இருக்காது, நடுவுல நிக்கறது கம்மி. நாலு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்ல ஓடும்போது நிமிஷத்துக்கு 1600 தடவை பத்தணும், அது மொத்தமா கட் ஆனா ஒரு நொடியில தெரிஞ்சிடும். பெட்ரோல் குறையுறதும் காத்து கோளாறும் அப்படி இல்லை, கலவை மெல்ல மெல்ல கெடும், 14.7 பங்கு காத்துக்கு 1 பங்கு பெட்ரோல்ங்கற கணக்கு தப்பத் தப்ப இன்ஜின் முதல்ல முனகும், அப்புறம் மிஸ் அடிக்கும், குலுக்கும், கடைசியா சாகும்.

டப்பு கேசுல பெரிய திருடன் கிராங்க் சென்சார். கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில இருக்குன்னு ஈசியூவுக்கு சொல்ற முக்கியமான ஆளு அவன்தான், பல வண்டிங்கள்ல அவன் வாய மூடினா ஸ்பார்க்கும் கிடையாது, இன்ஜெக்டரும் திறக்காது. இதுல வேடிக்கை என்னன்னா குளிர்ச்சியா இருக்கும்போது நல்லவன், சூடானா கெட்டவன். அரை மணி ஓடி சூடேறினதும் டப்புன்னு ஆஃப், அரை மணி ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட், மெக்கானிக்கிட்ட கொண்டு போற நேரம் நல்லாத்தான் ஓடும். கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி, வண்டி கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கும்போது ஆஃப் ஆச்சுன்னா ஆர்பிஎம் முள்ளைப் பாருங்க. சக்கரம் இன்ஜினை சுத்திக்கிட்டுதான் இருக்கு, ஆனா முள்ளு மட்டும் பட்டுன்னு சைபருக்கு விழுந்தா சென்சார் மேல சந்தேகப்படலாம். அதே மாதிரி ஸ்டார்ட் ஆகாத நேரத்துல செல்ஃப் சுத்தும்போது ஸ்கேனர்ல ஆர்பிஎம் 200, 250ன்னு ஏதாவது காட்டணும், சைபர் காட்டினா அதேதான். ஈசியூ கோளாறைக் கண்டுபிடிச்சு பதிவு பண்ற நம்பரைத்தான் கோடுன்னு சொல்வாங்க, இதுக்கு கோடு விழுந்தா பெரும்பாலும் பி0335.

என் வண்டி திணறித்தான் செத்துச்சு. அதனால பாதி லிஸ்ட் அங்கேயே அடிபட்டுப் போச்சு, இம்மொபிலைசர், இக்னிஷன் ஸ்விட்ச், கிராங்க் சென்சார் எல்லாம் கட். மிச்சம் பெட்ரோலும் காத்தும்.

பெட்ரோலை முதல்ல எடுத்தேன். முனகல் சத்தம் வருது, பம்பு ரிலேவை அதே நம்பர் போட்ட ஹார்ன் ரிலேவோட மாத்திப் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை, ஹார்ன் மட்டும் நல்லா அடிச்சுது. அந்த நேரத்துல நான் புது பம்பே ஆர்டர் போட இருந்தேன், விரல் பட்டன் மேல இருக்கு, அண்ணன்தான் "கேஜ் வெச்சுப் பாக்காம பம்ப் வாங்குறவன் என்கிட்ட பேசாதே"ன்னு கத்தினாரு. அவரு கேஜையே வாங்கிட்டு வந்து இன்ஜெக்டருங்களுக்கு பெட்ரோல் பிரிச்சுக் குடுக்கற ரெயில் பைப்புல இருந்த டெஸ்ட் போர்ட்ல மாட்டினேன். சாதாரண போர்ட் இன்ஜெக்ஷன் வண்டிங்கள்ல 3லிருந்து 4 பார் வரைக்கும் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும், என்னோடது 3.5ல ஆடாம அசையாம நின்னுச்சு, முக்கியமா இன்ஜின் சாகுற அந்த கடைசி நொடியிலயும் முள்ளு இறங்கல. பிரஷர் முதல்ல இறங்கி அப்புறம் இன்ஜின் செத்தா பெட்ரோல் குத்தம், இன்ஜின் செத்தும் பிரஷர் நிமிர்ந்து நின்னா பம்பு நிரபராதி. ஒரு எச்சரிக்கை, இந்த லைன் பிரஷர்ல இருக்கும், பம்பு ஃப்யூஸை பிடுங்கிட்டு இன்ஜின் தானா சாகுற வரைக்கும் ஓடவிட்டு பிரஷரை இறக்கிட்டுத்தான் கை வைக்கணும், இன்ஜின் சூடா இருக்கும்போது செய்யாதீங்க.

அப்புறம் டேங்க் மூடி. சிரிக்காதீங்க, மூடியில காத்து உள்ள வர வழி அடைச்சிருந்தா பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள்ள வேக்யூம் ஆகி பம்பு இழுக்க முடியாம திணறும். மூடிய திறக்கும்போது புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்துதுன்னா கவனிங்க. ஆனா இது கொஞ்ச தூரம் ஓடினதுக்கு அப்புறம் வர்ற வியாதி, நாலு செகண்ட்ல வராது.

டீசல் வண்டின்னா இங்கேயே பிரிஞ்சு போயிடணும். அதுல ஸ்டார்ட் ஆகி கொஞ்ச நேரத்துல சாகுறதுக்கு வழக்கமான காரணம் லைன்ல காத்து ஏறுறது, இல்லைன்னா ஃபில்டர் அடைப்பு. ஃபில்டர்ல தேங்கி நிக்கிற டீசல்ல ஸ்டார்ட் ஆயிடும், அது தீர்ந்ததும் காத்து வந்து இன்ஜின் ஆஃப் ஆயிடும். ஃபில்டருக்குப் பக்கத்துல ஒரு துண்டு கண்ணாடி மாதிரி ட்யூப் போட்டு முட்டை முட்டையா காத்து வருதான்னு பாக்குறது பழைய டெக்னிக், இன்னைக்கும் வேலை செய்யுது.

சரி, காத்து. கால மிதிச்சா ஓடுது, எடுத்தா சாகுதுன்னு சொன்னேன்ல, அந்த ஒரு வரிதான் இந்த மொத்தக் கதைக்கும் சாவி, நானும் முதல் நாளே அதை என் வாயால சொல்லிட்டேன், ஆனா என் காதுல விழல. மிதிச்சா என்ன ஆகுது? த்ராட்டில் தட்டு திறந்து காத்து உள்ள போகுது, அதுக்குத் தகுந்த பெட்ரோலை ஈசியூ குடுக்குது. அதுல ஓடுதுன்னா பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்ரெஷன் மூணும் சரி, கால் எடுத்ததும் இன்ஜின் தானா எடுத்துக்க வேண்டிய காத்துலதான் கோளாறு. அது ரெண்டு விதம். ஒண்ணு வேண்டாத காத்தோ புகையோ கணக்குல வராம உள்ள நுழையுறது, இன்னொண்ணு வேண்டிய காத்து போதாம இருக்கறது.

நான் முதல் விதத்துலயே ஒண்ணரை நாள் ஓட்டினேன். ஏர் ஃபில்டர்லேந்து த்ராட்டிலுக்கு வர்ற மடிப்பு மடிப்பா இருக்கற ரப்பர் பைப்பை கழட்டி, வளைச்சு, ஒவ்வொரு மடிப்பா விரிச்சு வெடிப்பு இருக்கான்னு பார்த்தேன், ஏன்னா காத்தை அளக்குற மாஃப் சென்சாரைத் தாண்டி வெடிப்பு இருந்தா அந்த காத்து கணக்குல வராது, கலவை கெட்டுடும். மாஃப் இல்லாம, த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம் இருக்கற பிரஷரை வெச்சு காத்தை கணக்குப் போடுற மேப் சென்சார் வெச்ச வண்டின்னா இதே ஓட்டை ஐட்லிங்கை ஏத்திவிடும், சாகடிக்கறது கம்மி, இந்த வித்தியாசம் தெரியாம நிறைய பேரு குழம்புறாங்க. பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்ஜின் அடியில சேர்ற ஆவியை காத்துப் பாதைக்கு அனுப்புற பிசிவி ஹோஸ், எல்லாத்துலயும் ஒரு ட்யூபை காதுல வெச்சுக்கிட்டு புஸ் சத்தம் தேடினேன், உள்ள உக்காந்து ஆக்சிலரேட்டரை பிடிக்க வீட்ல ஒருத்தரை கெஞ்சி கூட்டிட்டு வந்தேன், அவங்க "இன்னும் எவ்ளோ நேரம்"னு பத்து தடவை கேட்டாங்க. ஓட்டை தேட கிளீனர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி நிறைய வீடியோ இருக்கும், சூடான சைலன்சர் மேல பட்டா பத்திக்கும், நான் சோப்புத் தண்ணியோட நிறுத்திக்கிட்டேன். அப்புறம் ஷட்டர் மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓடவிட்டு இதெல்லாம் பண்ணாதீங்க, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது.

எரிஞ்ச புகையில கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ள விடுற ஈஜிஆர் வால்வும் இந்த வகைதான். கரி அடைச்சு முழுசா மூடாம திறந்தபடி மாட்டிக்கிச்சுன்னா, எரிஞ்ச புகை ஐட்லிங்லயும் உள்ள வந்து இன்ஜினை மூச்சு முட்ட வைக்கும், ரேஸ் பண்ணா சரியாயிடும். டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு அனுப்புற பர்ஜ் வால்வு இன்னும் குறும்பு, அது திறந்தபடி நின்னா டேங்க் ஃபுல் பண்ணிட்டு வந்த உடனே மட்டும் ஸ்டார்ட் பண்ண கஷ்டமா இருக்கும், ஸ்டார்ட் ஆகி சாகும், மத்த நேரம் சாதுவா இருக்கும். வால்வுக்கு டேங்க் பக்கத்துல இருந்து வர்ற ஹோஸை கழட்டி வால்வு வாயில விரல் வெச்சா ஸ்டார்ட் பண்ண புதுசுல இழுவை இருக்கக் கூடாது. என்கிட்ட இழுவை இல்லை. ஈஜிஆரை கழட்டிப் பார்த்தேன், மூடித்தான் இருந்துச்சு, அதை மாட்டும்போது கேஸ்கெட்டை கிழிச்சு அதுக்கு ஒரு நாள் தண்டம்.

நடுவுல சின்ன ப்ளூடூத் ஸ்கேனரை, ஈசியூ கிட்ட பேசறதுக்குன்னு இருக்கற ஓபிடி சாக்கெட்ல மாட்டிப் பார்த்தேன். 1996 மாடல்லேருந்து அமெரிக்காவுல விக்கிற எல்லா காருக்கும் இந்த 16 பின் சாக்கெட் கட்டாயம் ஆச்சு, மத்த நாட்டுலயும் பின்னாடியே வந்துடுச்சு, இப்போ ஸ்டியரிங்குக்கு கீழ கைய விட்டா ஆப்புடும். கோடு ஒண்ணும் இல்லை. கூலன்ட் டெம்பரேச்சர் பார்த்தேன், ராத்திரி முழுக்க நின்ன வண்டியில அது வெளிக்காத்து டெம்பரேச்சரோட ஒத்துப் போகணும், மைனஸ் 40 காட்டினா சென்சார் ஒயர் அறுந்திருக்கு, இன்ஜின் பனியில இருக்குன்னு நினைச்சு ஈசியூ பெட்ரோலை கொட்டி பிளக்கை நனைச்சிடும். என்னோடது சரி. மாஃப் சென்சார் கிராம் கணக்கு சரி. மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டே ஒரு ரெண்டு நிமிஷம் வெச்சு ஃப்யூவல் ட்ரிம் பார்த்தேன், அதாவது ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைச்சு சமாளிக்குதுங்கற கணக்கு, ப்ளஸ் 2, மைனஸ் 3ன்னு சும்மா ஆடிக்கிட்டு இருந்துச்சு. ட்ரிம் ப்ளஸ் 15, 20ன்னு ஏறியிருந்தா காத்து கசிவோ பெட்ரோல் பத்தலையோன்னு தேடலாம், ஐட்லிங்ல மட்டும் ஏறி ரேஸ் பண்ணா இறங்கினா கசிவு, ரேஸ் பண்ணா இன்னும் ஏறினா பெட்ரோல் சப்ளை. எனக்கு அதுவும் இல்லை.

அப்புறம் அதே ஸ்க்ரீன்ல கீழ ரெடினஸ் மானிட்டர்னு ஒரு வரிசை இருந்துச்சு, ஈசியூ ஒவ்வொரு பாகத்தையும் தானா செக் பண்ணி முடிச்சுதாங்கற லிஸ்ட், கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் ஆவியை பிடிக்கற எவாப், எல்லாத்துக்கும் எதிர்ல "முடியல"ன்னு போட்டிருந்துச்சு. நான் அதை கண்டுக்கவே இல்லை. நாலாவது நாள் ராத்திரி எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், அனுப்பின ரெண்டாவது நிமிஷம் போன்.

"மானிட்டர் எல்லாமே முடியலன்னு இருக்கே, கோடு அழிச்சியா?"

"இல்லண்ணே, கோடே இல்லையே, எதை அழிக்க?"

"அப்போ மெமரி எப்படிடா அழிஞ்சுது? பேட்டரி டெர்மினலை கழட்டினியா?"

"கழட்டினேனே, பேட்டரி புதுசா மாத்தினேன்ல."

"என்னைக்கு?"

"திணறல் ஆரம்பிச்சதுக்கு முந்தின நாள்..." சொல்லும்போதே எனக்கு குரல் இறங்கிப் போச்சு.

அந்தப் பக்கம் ஒரு அஞ்சு செகண்ட் சத்தமே இல்லை. "இதை முதல் நாள் சொல்ல மாட்டியா"ன்னாரு. சொன்னேனே, பேட்டரி புதுசு, அதனால அதுல பிரச்சனை இல்லைன்னு சொன்னேனே. அதுதான் லட்சணம்.

என்ன ஆச்சுன்னா, ஐட்லிங்ல த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடித்தான் இருக்கும், ஓரத்துல பிறை மாதிரி ஒரு மெல்லிசு இடைவெளி, அது வழியா வர்ற காத்துலதான் மொத்த இன்ஜினும் பொழைக்குது. இன்ஜின் அடியில இருந்து பிசிவி வழியா வர்ற எண்ணெய் ஆவி அந்தத் தட்டு ஓரத்துலயும் சுவர்லயும் வருஷக்கணக்கா படிஞ்சு கருப்பா பிசுபிசுன்னு ஒரு பூச்சு போட்டுடும். முழுசா திறந்த த்ராட்டில்ல அந்தப் பூச்சு ஒரு கணக்கே இல்லை, ஆனா பிறை இடைவெளியில அது பாதி வழியை அடைக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில்ல ஈசியூ கெட்டிக்காரத்தனமா இதை கவனிச்சு, அடைய அடைய தட்டை துளி துளியா கூட திறந்து ஐட்லிங்கை 750ல காப்பாத்திக்கிட்டே வரும், அந்த கற்ற பாடத்தை மெமரியில எழுதி வெச்சுக்கும். ஓட்டுறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பேட்டரிய கழட்டினேன், என் வண்டியில அந்த பாடம் மறந்து போச்சு. ஃபேக்டரியில இருந்து வந்த நாள்ல எவ்வளவு திறப்பு போதுமோ அதை மட்டும் திறந்துச்சு, அந்தத் திறப்பை கரி அடைச்சிருக்கு, இன்ஜின் மூச்சு திணறி செத்துச்சு. ஸ்டார்ட் பண்ணும்போது கூடுதலா திறக்கும்ல, அதான் ஸ்டார்ட் மட்டும் ஆச்சு. மறுபடி கத்துக்கலாமேன்னா, கால் ஆக்சிலரேட்டர்ல படாம கொஞ்ச நிமிஷம் ஐட்லிங்ல ஓடினாத்தான் கத்துக்கும், நான் கால எடுத்தா செத்துடுது, வெச்சா அது ஐட்லிங்கே இல்லை.

பழைய வண்டிங்கள்ல இதே வேலையை ஐடில் கன்ட்ரோல் வால்வுன்னு த்ராட்டிலுக்குப் பக்கவாட்டுல ஒரு குட்டி மோட்டார் பண்ணும், அதுலயும் கரி அடைச்சா இதே திணறல்தான்.

காலையில பைப்பை கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒண்ணரை நாள் இதே பைப்பை கழட்டி மாட்டியிருக்கேன், கை நுழையுற தூரத்துல அந்தத் தட்டு இருந்திருக்கு, ஓரம் முழுக்க தார் பூசின மாதிரி. சாவி ஆஃப்ல, பேட்டரி டெர்மினலையும் கழட்டிட்டு, ஏன்னா சாவி ஆன்ல இருக்கும்போது அந்த மோட்டார் விரலை கடிச்சா மாவுக்கட்டுதான், த்ராட்டில் கிளீனரை துணியில அடிச்சு துடைச்சேன். நேரா உள்ள பீய்ச்சினா ஓரமா இருக்கற எலக்ட்ரானிக்ஸுக்குள்ள போகும். தட்டை விரலால அமுக்கித் திறக்கும்போதும் மெதுவாத்தான், அதுக்குள்ள இருக்கறது பிளாஸ்டிக் பல்லு. மாஃப் சென்சார் பக்கம் இந்த கிளீனரை கொண்டு போகவே கூடாது, அதுக்குன்னு தனி கிளீனர் இருக்கு. மூணு துணி கருப்பாச்சு, தட்டு பித்தளை கலர்ல பளபளன்னு வந்துச்சு.

மாட்டி, சாவிய ஆன்ல கொஞ்ச நேரம் வெச்சு, ஆஃப் பண்ணி, மறுபடி ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்ணேன், ஏசி, லைட் எல்லாம் ஆஃப், கால் பெடல்லயே இல்லை. இப்படி ஈசியூவை மறுபடி கத்துக்க வைக்கற ரீலேர்ன் முறை ஒவ்வொரு மாடலுக்கும் வேற வேற, சிலதுக்கு ஸ்கேனர் இல்லாம முடியாது, உங்க வண்டி மேனுவலை பாருங்க. எனக்கு 1200 போச்சு, 1000 வந்துச்சு, நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன், 900, 800, 750. அங்கேயே நின்னுச்சு. பத்து நிமிஷம் சும்மா முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தேன். மெமரி அழியாத வண்டியில தட்டை துடைச்சா நேர் எதிரா நடக்கும், பழைய கணக்குக்கே கூடத் திறந்து ஐட்லிங் 1300, 1500ன்னு எகிறும், ஐட்லிங் ஜாஸ்தின்னு பி0507 கோடு விழும், அதைப் பார்த்து எதையோ கெடுத்துட்டோம்னு பயந்துடாதீங்க, கத்துக்கிட்டதும் இறங்கிடும்.

அண்ணனுக்கு சந்தோஷத்துல போன் போட்டேன்.

"அண்ணே, வண்டி நிக்குதுண்ணே!"

"மறுபடியுமா?"